காதுக்கு வழியில்லை

கரம்பொனில் அண்ணையின் வீட்டு முன்னறைதான் எங்கள் பட்டறை. மீன்பிடி வள்ளங்களுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். அதற்குள் ஒரு சிப். உள்ளே எந்தக் கம்பி எங்கே ஓட வேண்டும் என்பதை நாமே எழுதிக்கொள்ளும் வகை. மூன்று வேலைகள் அதற்குள் போக வேண்டும். அடியில் மீன் நிற்பதைக் கண்டுபிடிப்பது அண்ணையின் மனைவி, என் மச்சாளுடையது. கடலாழத்தைக் கலரில் காட்டுவது அண்ணையுடையது. எஞ்சின் நின்றுபோகப் போவதை அதன் சத்தத்திலிருந்தே முன்கூட்டிச் சொல்வது என்னுடையது. அதற்காக சோளகக் காற்று வீசும் காலம் முழுக்கக் குறிகட்டுவான் இறங்குதுறையில் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். மண்ணெண்ணெய் மணம் தலைமயிரில் ஊறிவிட்டது. இருமுகிற எஞ்சின், பல்லைக் கடிக்கிற எஞ்சின், சாகப்போவதை மறைக்கிற எஞ்சின்.

சிப்பைப் போர்டில் ஒட்டியாயிற்று. அதன் எந்தக் கால் எதனோடு சேர்கிறது என்பதை இனி மாற்ற முடியாது. தடம் பார்க்கிற பழைய மென்பொருள் கம்பிகளைப் போடும், முட்டும், பிடுங்கும், மறுபடி போடும். தோற்றாலும் இன்னும் கொஞ்சம் பொறு என்கிற மாதிரி இருக்கும். மச்சாளுக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஓம், இல்லை என்று மாற்றினாள். இந்தக் கம்பி இந்தத் தடத்தில் போகிறதா? ஒரு தடத்தில் இரண்டு கூடாது. ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டும். குவிந்து கிடந்த அந்தப் பூலியன் நிபந்தனைகள் அத்தனையையும் ஒருசேர நிறைவேற்ற வழியுண்டா என்று கணினியைக் கேட்டாள்.

தேத்தண்ணி ஆறுமுன் பதில் வந்தது. இல்லை. கிடைக்கவில்லை என்பதல்ல, இல்லவே இல்லை, நிரூபணத்தோடு. எங்கே இடிக்கிறது என்றும் காட்டியது: மூவரின் கம்பிகளும் ஒரே ஒடுக்கத்துக்குள். எந்த ஒருவருடையதை விலக்கினாலும் மற்ற இரண்டுக்கும் வழி கிடைக்கும். எவருடையதை என்று அது சொல்லவில்லை. அந்தளவுக்கு அது நல்லது.

"அப்ப உன்ரதைத் தூக்கு," என்றார் அண்ணை, கதிரையை விட்டு எழும்பாமல்.

"கலரைத் தூக்கலாமே அண்ணை. கறுப்பு வெள்ளையிலயும் ஆழம் தெரியும். நெடுந்தீவுக் கடலுக்க எஞ்சின் நிண்டா?"

"நிண்டா அவனுக்கே தெரியும். அதைச் சொல்ல ஒரு பெட்டி வேணுமே?"

மச்சாள் சிரித்தாள். "கலர் இல்லாட்டி எவன் வாங்குவான்? நீர் வேணுமெண்டா எஞ்சினைப் பற்றி ஒரு கவிதை எழுதும்."

என்னுடையதை எடுத்துவிட்டு மறுபடி கேட்டாள். உடனே ஓம் என்றது. நான் விட்ட இடத்தால் அவர்களின் கம்பிகள் நெளியாமல் ஓடின.

பெட்டியில், எஞ்சின் சத்தம் கேட்க வேண்டிய என் மைக்குக்காக ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அண்ணை பசையை என் பக்கம் தள்ளினார்.

"அடை. உன்ர ஓட்டைதானே."

அடைத்தேன். விரலால் தடவி மட்டமாக்கினேன்.

முதல் பெட்டியைக் குறிகட்டுவானில் ஒரு வள்ளத்தில் பூட்டினோம். வள்ளக்காரர் கலரைப் பார்த்து வாய் பிளந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்கள் என்ர எஞ்சினடியில குந்தியிருந்தனீங்களெல்லே, அது இதில என்ன செய்யுது?"

மச்சாள் முந்திக்கொண்டாள். "அவ பாட்டுக் கேட்டவ."

வள்ளக்காரரும் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். எஞ்சின் இரண்டு தரம் மறுத்து, பிறகு பிடித்தது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். சாகப்போவதை மறைக்கிற வகை.

"எஞ்சினை ஆரிட்டையாவது காட்டிப்போட்டுப் போங்கோ!" என்று கத்தினேன். வள்ளம் நெடுந்தீவுப் பக்கம் திரும்பிவிட்டது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.