பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையைச் சில வருஷமாகச் சாப்பிட்டு வருகிறேன். எனக்கு வலிப்பு வந்ததே கிடையாது. நாகர்கோவிலில் நான் பார்க்கும் மனநல மருத்துவர் முதல் தடவையே விளக்கிவிட்டார். ‘இது ஃபிட்ஸுக்கு உள்ள மருந்துதான். ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்போம். உங்களை மாதிரி மனசு ஒரேயடியா ஏறி, பிறகு ஒரேயடியா விழுறவங்களுக்கும் கொடுப்போம்.’ ஒரு மாத்திரைக்கு மூன்று வேலை. குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். ‘இங்க எனக்கும் அப்படித்தான், ஒரு சம்பளத்துக்கு மூணு வேல’ என்றார்.

மனசு ஏறியிருந்த காலத்தில் நான் தூங்கவே இல்லை. யாரையும் கேட்காமல் கோயில் ஜன்னல்களுக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோய் மாட்டினேன். சபையே என் ஊழிய ஆர்வத்தைப் பாராட்டியது. பிறகு விழுந்தேன். குளிக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. அப்போது பின்வாசல் வழியாக வந்து, சிக்குப் பிடித்த தலையை வாரி, ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனவள் என் சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தோம், கோயிலில் ஒன்றாக சண்டே ஸ்கூல் எடுத்தோம். எங்கள் முக்கில் இருந்த மருந்துக்கடைக்காரர் எங்கள் சபைக்காரர் என்பதால், மாத்திரை வாங்கக் கோட்டாறு வரைக்கும் என்னுடன் பஸ்ஸில் வருவாள். ஊருக்குச் சொல்ல வேண்டிய பொய்யைக்கூட அவள்தான் கண்டுபிடித்துத் தந்தாள்.

‘ஆராவது கேட்டா தலவலிக்குன்னு சொல்லுவோம், கேட்டியா மக்கா. அதுக்கும் இதத்தானே குடுக்காவ. பொய்யுமில்ல, மெய்யுமில்ல.’

மாத்திரை வேலை செய்தது. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் தலைமுடியை எடுத்துக்கொண்டது, இடுப்பில் சதையைக் கொடுத்தது, விரல்களில் ஒரு நடுக்கத்தை வைத்தது. கரும்பலகையில் நான் வரைந்த ஆட்டுக்குட்டி நாய் மாதிரி இருந்ததாக என் வகுப்புக் குழந்தைகள் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரிப்பதற்கு ஒரு காரணமும் வேண்டாத வயசு அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்பு இருந்ததால்தான் மற்ற நாட்களிலும் நான் எழுந்து குளித்தேன். மாத்திரை பாதி என்றால் வகுப்பு பாதி. இதையும் அவளிடம்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்தது. அவளுக்கு ஜெபத்துக்கென்றே ஒரு குரல் உண்டு, கல்லும் கரையும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

‘ஆண்டவரே, பேரு சொல்லல்ல, உமக்குத் தெரியும். எங்க சபையில ஒரு சகோதரி மனசு கலங்கிப் போய்க் கெடக்கா. அவள நெனச்சருளும்.’

நான் உருகிப்போய் ஆமென் சொன்னேன். யாரோ பாவம் என்று உண்மையிலேயே நெஞ்சு கனத்தது.

‘மாப்பிள தூரதேசத்துல. வலிப்புக்காரங்க சாப்பிடுத மாத்திரயச் சாப்பிட்டு, கை நடுங்க நடுங்க எங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கா, ஆண்டவரே.’

இந்தத் தடவை எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். பாதிப்பேர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கண்ணை இறுக மூடியிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கடைசியில் சுக்குக்காப்பி கொடுத்தார்கள். என் கையில் தந்த அக்கா டம்ளரை விடாமல் தானும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு ஊரே என்னிடம் அன்பாகிவிட்டது. சத்தமாகச் சிரித்தால் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேசாமல் இருந்தாலும் பார்த்தார்கள். மீன்காரரிடம் விலை பேசினால்கூடப் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து என் தோளைத் தடவினாள். பிறகு போதகரின் மனைவி பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ‘கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க அக்கா. பிள்ளைங்களோட அம்மாமாரு பயப்படுறாங்க’ என்றார். வகுப்பை யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் பழப்பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே என் சிநேகிதியின் பெயரைச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வகுப்பு வாசலில் போய் நின்றேன். உள்ளே என் குழந்தைகள் அவளுக்குப் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

‘எனக்க வகுப்ப எதுக்குட்டி வாங்கின?’ என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. ‘உன்ன நம்பித்தானே சொன்னேன்? ஊரக் கூட்டிச் சொல்லவா சொன்னேன்?’

‘நான் ஊருக்கா சொன்னேன்? ஆண்டவருக்குல்லா சொன்னேன்.’

‘அவருக்குத் தெரியும்னு நீதானே அன்னைக்கே சொன்ன!’

முற்றத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது நோய் இல்லை. ஏமாற்றப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் வருகிற சாதாரணக் கோபம். அதை அங்கே சொல்லிப் பிரித்துக் காட்ட எனக்கு வழியே இல்லை. இன்னும் ஒரு சொல் சத்தமாகப் பேசினால் அவள் ஜெபத்தில் சொன்னதற்கு நானே சாட்சியாகிவிடுவேன். இது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்பக் கனிவாக, என் தலையை வாரிய நாளில் பேசிய அதே குரலில் கேட்டாள்.

‘இன்னைக்கு மாத்திர போட்டியா, மக்கா?’

கேள்வி கேட்க வேண்டியவள் நான். முற்றமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

‘போட்டேன்’ என்றேன்.

‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குள் போனாள்.