தங்கச்சி வண்டிச் சத்தம்

யாரோ ஒருவருடைய விலா எலும்பு தெரிகிற எக்ஸ்ரே பிலிமிலிருந்து, விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி என் தங்கையின் சைக்கிளில் கட்டினேன். காஞ்சிபுரத்தில் ஒரு எக்ஸ்ரே கூடத்தில் எனக்கு அப்போது வேலை; பாழான பிலிமுக்குப் பஞ்சமில்லை. சீட்டிலிருந்து கீழே இறங்கும் குழாயின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு, கம்பியால் முறுக்கிக் கட்டியது. பெடல் சுற்றிவரும்போதெல்லாம் அதைத் தாங்கும் கிராங்க் தண்டு, பிலிம் துண்டின் நுனியைத் தட்டிவிட்டுப் போகும். வலது பக்கம் ஒரு ‘டக்’, இடது பக்கம் ஒரு ‘டக்’. எண்பதுகளின் தொடக்கம். விடிந்ததும் விடியாததுமாக உத்திரமேரூர் ஏரிக்கரை மேல் அந்தச் சத்தம் கிளம்பிவிடும்.

விஷயம் இதுதான். மாவட்ட அளவில் பெண்களுக்குச் சைக்கிள் பந்தயம் வைக்கப் போகிறார்கள், முதலில் வருகிறவளுக்கு மட்டும் மாநில அணியில் இடம், அங்கே போய்விட்டால் அரசாங்க வேலை நிச்சயம் என்று அவளுடைய பழைய டிரில் டீச்சர் சொல்லியிருந்தார். அவள் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். திருப்புலிவனத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். ஜெயித்தால் வேலைக்குப் போகட்டும், தோற்றால் தை மாதம் தாலி என்று அப்பா பேச்சை முடித்திருந்தார். அந்த மாப்பிள்ளையை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவளுக்கு மூச்சு இருந்தது, பிடிவாதம் அதைவிட இருந்தது. ஆனால் வலது காலால் மிதித்துத் தள்ளிவிட்டு, இடது காலைச் சும்மா ஊர்கோலம் அனுப்புவாள். பின்னால் என் வண்டியில் வருகிற எனக்குத் தெரியும். அவள் வண்டி ஒரு துள்ளு துள்ளும், பிறகு தொய்யும். சொன்னால் சண்டைக்கு வருவாள். “ரெண்டு காலுந்தான் மிதிக்குது. உனுக்கு இன்னா, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?” என்பாள். அதனால்தான் அந்தப் பிலிம் துண்டுகள். முதல் நாள் கரை மேட்டில் ஏறும்போது சத்தம் சீராக வரவில்லை. டக்டக்... டக்டக்... என்று நொண்டியது. அவள் வண்டியை நிறுத்தி இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. “துன்றது மட்டும் ஒயுங்கா துன்ற இல்ல?” என்று தன் இடது தொடையிலேயே ஓங்கி ஓர் அடி வைத்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் நொண்டினால் அவளே இடது காலை அழுத்துவாள், சீராகும்வரை விடமாட்டாள். இரண்டு மாதத்தில் டக், டக், டக் என்று சுவர்க் கடிகாரம் மாதிரி வந்தது. பழையசீவரம் வரை போக ஆகும் நேரத்தில் நாலு நிமிஷம் குறைந்தது. ஜெயித்துவிடுவாள் என்று நானே நம்பினேன்.

கடைத்தெரு முனையில் பாயின் டீக்கடை. அவள் திரும்பி வரும்போது அதைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் தலை தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுமா, அங்கே வேலைவெட்டியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரும் உஷாராகிவிடுவார்கள். டீ கிளாஸை ஸ்பூனால் டக், டக் என்று தட்டுவார்கள். அவள் தெருவைக் கடக்கும்வரை தட்டுவார்கள். “இன்னாபா, தங்கச்சிக்கு லாடம் அடிச்சி வுட்டுக்கீறியா?” என்று ஒருவன் என்னிடமே கேட்டான். “அந்தப் பொண்ணு போய்க்கினே கீது, நீங்கதான் குந்திக்கினு கீறீங்க” என்று பாய்தான் அவர்களை அதட்டினார். நானோ அவர்களோடு சேர்ந்து இளித்துவிட்டு வந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வெட்கங்கெட்டவன்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு குறடு எடுத்துக் கம்பியை வெட்டிவிட்டேன்.

“ஏன் கயட்ன?” என்று கேட்டாள். கால் பழகிவிட்டது, இனிமேல் அது வேண்டாம் என்றேன். “எவனாச்சும் இன்னாவாச்சும் சொன்னானா?” என்று என் முகத்தையே பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி கட்டித் தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். பிலிம் கிடைக்கவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். அவளே ஏதோ அட்டையை வெட்டிக் கட்டிப் பார்த்தாள். அரை மைலில் அது மடங்கிப் போயிற்று.

பந்தயத்தன்று எதிர்காற்று. எல்லைக் கோட்டருகே நின்றிருந்த எனக்கு, அவள் முகம் தெரிவதற்கு முன்பே வண்டி துள்ளித் தொய்வது தெரிந்துவிட்டது. பழைய இடது கால். ஒரு சக்கர நீள வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். ஓர் எவர்சில்வர் சொம்பு கொடுத்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. தலையெழுத்து என்றாள் அம்மா. என்ன தலையெழுத்து? குறடு என் கையில்தானே இருந்தது! அந்தத் துண்டுகள் இருந்தாலும் தோற்றிருப்பாளோ என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏறவில்லை.

போன வருஷம் திருப்புலிவனத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மனசு பொறுக்காமல் உண்மையைக் கொட்டிவிட்டேன். டீக்கடையில் கிளாஸைத் தட்டிக் கேலி பண்ணினார்கள், எனக்கு மானம் போயிற்று, அதனால்தான் கழற்றினேன் என்றேன். கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எனுக்கு மட்டும் காது இல்லியாண்ணா? தெனமும் கேட்டுக்கினுதான போனேன். ஆனா அவனுங்க ஒயுங்கா தட்டுவானுங்க. என் சத்தம் நொண்டுற அன்னிக்கி, அவனுங்க தட்டறதுக்கு ஏத்தமாரி கால போட்டு சரிபண்ணிக்குவேன்.”

உருவிய காம்பை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.

“எனுக்கு அது ஒத்தாசையா இருந்திச்சி. உனுக்குத்தான் பேஜாரா பூட்ச்சி.”