ஒருவன் மட்டும் கண்ட பிறை

முதுகில் மூட்டை ஏறிவிட்டால் ஜலாலுதீனுக்கு இரண்டு வாரத்துக்குப் பேச்சுத் துணை கிடையாது.

சிராங்கூன் ரோட்டில் எருமைக் கொட்டகைகளை அடுத்த ஒரு மாடியறையில், தன்னைப் போன்ற ஏழெட்டு நாகூர்க்காரர்களோடு பாய் விரித்துப் படுப்பவன் அவன். அந்த அறையில் இரைச்சலுக்குக் குறைவில்லை. குறட்டை, கேலி, ஊரிலிருந்து வந்த கடிதத்தை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் அழுவது எல்லாம் உண்டு. ஆனால் மாதத்தில் ஒருநாள் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் ரவூப் மரைக்காயர் கடைக்குப் போவான். கைலிகளையும் சீட்டித் துணிகளையும் பிரம்புச் சட்டத்தில் அடுக்கி, எண்ணெய்த் துணி போர்த்தி, இரண்டு தோளிலும் வார் மாட்டிக்கொண்டு கிளம்புவான். அதன்பிறகு அவனும் கடலும்தான்.

சென்ற நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நகரத்துக்குள் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடியது. ஆனால் சிராங்கூன் ரோடு கடலைத் தொடும் இடத்தில் சாலை என்பதே முடிந்துபோகும். அங்கிருந்து மேற்கே கிராஞ்சி வரை, தீவின் வடகரை முழுவதும் சேறும் கண்டல் காடும்தான். எதிரே ஜொகூர் கரை கறுப்புக் கோடாகக் கிடக்கும். நீர் வடியும்போது வெளிப்படும் மணலில் நடப்பான். நீர் ஏறும்போது ஏதாவது ஒரு மேட்டில் மூட்டைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்துவிடுவான். கம்பம் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கிராமம் நான்கு நாளைக்கு ஒன்று, பத்துப் பதினைந்து அத்தாப்பு ஓலைக் குடிசைகள், துணி கேட்கும் பெண்கள். மறுபடியும் கடல்.

நாட்கணக்கில் பேசாமல் நடந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் கம்பம் நெருங்கும்போதே, "கைலி, சீட்டி, முக்காட்டுத் துணி" என்று நண்டுகளுக்குக் கூவிப் பார்த்துக்கொள்வான். ஒருமுறை அப்படிக் கூவாமல் போய்விட்டான். முதல் வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. அந்த வீட்டுப் பெண் சிரித்தாள். சிரித்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள்தான் மைமூன்.

கிராஞ்சி ஆற்று முகத்துக்கு அப்பால் இருந்த மீனவக் கம்பம் அது. அங்கே மரக்கால்கள் மேல் நின்ற சிறு பள்ளிவாசலில் தொழவைத்தவர், அவள் நானா என்று அழைக்கும் அண்ணன் அப்துல் அலீம். அவர்களுடைய தந்தை காரைக்காலிலிருந்து வந்து மலாய்ப் பெண்ணை மணந்தவர். அதனால் அந்த வீட்டில் மட்டும் தமிழ் கேட்கும். மைமூன் கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தாள்.

துணி வாங்குகிற பெண்கள் எல்லோரும் சாயம் போகுமா என்று கேட்பார்கள். மைமூன் மட்டும், வழியில் என்ன பார்த்தீங்க என்று கேட்பாள். யாரையும் பார்க்கவில்லை என்பான் அவன். யாரை என்று நான் கேட்கவில்லையே என்பாள். பிறகு அவன் சொல்லத் தொடங்குவான்: சேற்றில் வாய் பிளந்து கிடந்த முதலையை, கரை ஒதுங்கிய தேக்குக் கட்டையை, ஒரே மரத்தில் நாற்பது கொக்குகளை. சொல்லச் சொல்லத்தான் அதையெல்லாம் தான் பார்த்ததே அவனுக்கு உறைக்கும். முப்பத்தெட்டு வயதுவரை ஒருவரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்பர்களே, ஒரு மனிதனின் நெஞ்சைத் திறக்க இதைவிடச் சிறிய சாவி உலகத்தில் இருக்கிறதா?

பெண் கேட்டான். அண்ணன் சம்மதித்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. காய்ச்சல் என்று பின்னால் சொன்னான். காய்ச்சல் இரண்டே நாள்தான் என்பது அவனுக்குத் தெரியும். நான்கு சுவருக்குள் ஒருத்தி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது, ஆசை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அச்சமும் இருந்தது. அடுத்த தவணைக்கும் ஒரு மாதம் பிந்திப் போய் நின்றான்.

இந்த முறை அப்துல் அலீம் பள்ளியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசினார். ஜொகூரிலிருந்து ஒருவர் மைமூனைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

"நோன்புப் பெருநாள் தொழுகையில என் பின்னால வரிசையில நீங்க நிக்கணும், தம்பி. நின்னா அந்தப் பாயிலேயே நிக்காஹ். நிக்கலேன்னா ஜொகூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பிடுவேன். மூணாவது தவணைக்கு மேல எங்க வீட்ல தவணை கிடையாது."

ஜலாலுதீன் தலையாட்டினான். பள்ளியை ஒட்டிய வீட்டின் கதவுத் திரைக்குப் பின்னால் வலை ஊசி அசையாமல் நின்றதையும் பார்த்தான்.

ரமலானில் பத்து நோன்பு மீதியிருக்கும்போதே நகரத்தைவிட்டுப் புறப்பட்டான். மூட்டையின் நடுவில், தனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையும் அவளுக்கென்று எடுத்த பச்சைப் பட்டுத் துணியும் இருந்தன. நோன்போடு நடந்தான். சிலேத்தார் ஆற்று முகத்தில் வழக்கமாக அக்கரை சேர்க்கும் படகோட்டி கோவிந்தசாமியைக் காணோம். குடிசை பூட்டியிருந்தது, படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் அங்கேயே காத்துக் கிடந்து, வழியோடு போன ஒரு மீன்பிடிப் படகைக் கெஞ்சிக் கூப்பிட்டு அக்கரை சேர்ந்தான். அந்த இரண்டு நாளைப் பிறகு எவ்வளவு விரைந்து நடந்தும் அவனால் மீட்க முடியவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை ஒரு மணல் திட்டில் நின்றான். கம்பத்துக்கு இன்னும் ஒரு முழுப் பகல் நடை இருந்தது. முப்பது நோன்பும் நிறைந்தால் நாளை இரவுக்குள் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலை வரிசையில் நிற்கலாம். இன்றைக்குப் பிறை தெரிந்துவிட்டால் நாளைக் காலையே பெருநாள். தெரியக் கூடாது, தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மேற்கைப் பார்த்தான்.

கிராஞ்சிப் பக்கம் வானத்தில் கார்மேகம் சுவர்போல எழும்பி நின்றது. அந்தச் சுவரின் உச்சிக்கு ஒரு விரல் மேலே, நகம் வெட்டிப் போட்டதுபோல, பிறை.

கண்ணைத் துடைத்துப் பார்த்தான். இருந்தது. ஐந்து நிமிடத்தில் மேகத்துக்குள் இறங்கிவிட்டது. அந்த மேகத்தின் அடியில்தான் மைமூனின் கம்பம் இருக்கிறது என்பதும், அங்கே நிற்பவர்களுக்கு வானமே தெரியாது என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. கண்டது கண்டதுதான். நாளை பெருநாள், நான் தோற்றேன், அவ்வளவுதான் அவனுக்குப் பட்டது.

இரவோடு இரவாக நடந்தால் என்ன என்று மனத்தின் ஒரு மூலை கேட்டது. இருட்டில் கண்டல் வேர்களுக்குள் கால் வைக்க முடியுமா, முதலை இருக்கிறதே என்று இன்னொரு மூலை பதில் சொன்னது. இரண்டாவது குரலில் ஒரு நிம்மதி இருந்ததை அவன் கவனித்தான். கவனித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் கடலில் குளித்தான். நிக்காஹுக்கென்று தைத்த சட்டையைப் பெருநாளுக்காகப் போட்டுக்கொண்டான். தன்னந்தனியாகப் பிறை கண்டவன் தனக்குள் நோன்பை விட்டுவிட வேண்டும், அதை நாலு பேர் அறியச் செய்யக் கூடாது என்பது அவன் கற்ற சட்டம். இந்தப் பிறையை ஊரே கண்டிருக்கும் என்று நம்பியவனுக்கு அந்தச் சட்டம் உறைக்கவில்லை; மறைப்பதற்கும் அங்கே யாருமில்லை. மூன்று பேரீச்சம்பழமும் காய்ந்த ரொட்டியும் தின்றான். ஆயிரம் தொண்டைகள் சேர்ந்து முழங்க வேண்டிய தக்பீரை ஒற்றைத் தொண்டையில் சொன்னான். அலை அதையும் வாங்கிக்கொண்டது. மணலில் தனியே தொழுது முடித்து, ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினான். கண்டல் மரம். இடப்பக்கம் திரும்பினான். கடல்.

மூட்டையை மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான். தொழுகை முடிந்த பிறகு போய் நின்று, மூன்றாவது முறையாக ஒரு காரணம் சொல்ல அவனுக்கு முகம் இல்லை.

உச்சிவேளையில் சிலேத்தார் ஆற்றுக்கு வந்தபோது கோவிந்தசாமி படகை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து கவிழ்த்து, அதற்குக் கீல் பூசிக்கொண்டிருந்தார். நகரத்துக்கு அம்மன் கோயிலுக்குப் போனவர், காட்டுத் தடத்தில் மாட்டு வண்டியேறி அன்று அதிகாலைதான் திரும்பியிருந்தார். ஜலாலுதீன் வெள்ளைச் சட்டையோடு வருவதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"என்ன பாய், மாப்பிள்ளை சட்டை போட்டுக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்கு எதிர்ப்பக்கமா போறீங்க?"

பெருநாள் தொழுகை முடிந்துபோய்விட்டது என்றான் ஜலாலுதீன். கோவிந்தசாமி கீல் சட்டியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா? நாளைக்குத்தானே பெருநாள். நேத்து சாயந்திரம் ஊர்ல ஒரே மழை, ஒருத்தர் கண்ணுக்கும் பிறை படல. இன்னைக்கு எல்லாரும் முப்பதாவது நோன்புல இருக்காங்க. நல்லா இருக்கு போங்க, உங்க பெருநாளை நான் சொல்ல வேண்டியிருக்கு."

 ஜலாலுதீன் தோள் வாரைக் கழற்றினான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஓரிடத்திலும் விட்டுப் போகாத மூட்டை சேற்றில் சாய்ந்தது. பச்சைப் பட்டை மட்டும் உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு, வந்த வழியே ஓடினான்.

நேற்று முடியாது என்று படுத்தவன் இன்று நடந்தான். அந்தி சாயும்போது தன் பெருநாளைக் கொண்டாடிய மணல் திட்டைத் தாண்டினான். இருட்டிலும் நடந்தான். கண்டல் வேர் காலைக் கிழித்தது; முதலை ஒன்றும் வரவில்லை. நடக்க முடிகிற வழிதான் அது என்று ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. தெரியத் தெரிய நெஞ்சு எரிந்தது. கடைசிக் கழியில் நீர் நிறைந்திருந்தது. அது மார்பளவுக்கு வடியும்வரை கரையில் நின்று துடித்தான்.

கம்பத்துக்குள் நுழைந்தபோது வெயில் ஏறியிருந்தது. பள்ளிவாசல் படியில் ஆண்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாய் சுருட்டுகிறார்கள். அவனுக்காக முதல் வரிசையில் ஓர் இடம் விட்டே தொழுகையைத் தொடங்க எண்ணியிருந்தார்களாம். வரிசையில் இடைவெளி விடக் கூடாது என்று அப்துல் அலீமே கடைசி நொடியில் இன்னொருவரை அங்கே நிற்கச் சொன்னாராம். இதைப் படியில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்.

சேறு வழியும் வெள்ளைச் சட்டையோடு அவன் அண்ணன் முன்னால் போய் நின்றான். முந்தாநாள் மாலையே பிறை கண்டதைச் சொன்னான். அப்துல் அலீம் அமைதியாகக் கேட்டார்.

"கூட யாரு பாத்தா?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், தம்பி. ஆனா நோன்பை முடிக்க ரெண்டு பேரோட சாட்சி வேணும். ஒத்தை ஆளோட பெருநாள் அவனுக்கு மட்டும்தான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜொகூருக்கு இன்னும் ஆள் போகவில்லை என்றார். சொன்ன சொல்லை மாற்றுகிற உரிமை தனக்கில்லை, தன் தங்கைக்கு உண்டு என்றார்.

வீட்டு வாசலில், திரைக்கு அந்தப் பக்கம் மைமூன் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஜலாலுதீன் பச்சைப் பட்டை அவிழ்த்து நீட்டினான். அது நனைந்து கறுத்திருந்தது.

"பிறை பாத்தீங்க. நான் நம்புறேன்," என்றாள். "பாத்துட்டு எந்தப் பக்கம் நடந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அன்றைக்குப் போலவே காற்றுதான் வந்தது.

"திரும்பாம நேரா நடந்து, தொழுகை முடிஞ்சு வந்திருந்தாலும், ஒரு நாள் பிந்தி வந்திருந்தாலும் நானாகிட்ட நான் சண்டை போட்டிருப்பேன். எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சதும் நீங்க திரும்பிப் போயிட்டீங்க. இனிமே எது முடிஞ்சாலும் நீங்க போயிடுவீங்க."

அவள் அழுதாளா என்று திரை சொல்லவில்லை. சற்று நேரத்தில் திரைக்கடியில் ஒரு தட்டு நகர்ந்து வந்தது. ஓலைப் பின்னலில் அவித்த கெத்துப்பாட்டுச் சோறும் கோழிக்கறியும். பெருநாளன்று வாசலுக்கு வந்தவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாதல்லவா? அவன் படியில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் தின்றான். தட்டைக் கழுவி, பட்டை மடித்து அதன்மேல் வைத்தான். தட்டை மட்டும் ஒரு கை உள்ளே எடுத்துக்கொண்டது.

உடனே போய்விடலாம் என்றால் கடல் விடவில்லை. கழியில் நீர் மறுபடி ஏறியிருந்தது, மாலைதான் வடியும். கம்பத்தின் கண்ணெதிரே, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத அந்தக் கரையில், பகல் முழுவதும் அவன் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. வீடு வீடாகப் போகிறவர்கள் அவனுக்கும் கை கொடுத்துப் பெருநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பான்.

நீர் முழங்காலுக்கு இறங்கியதும் எழுந்தான். கழியைக் கடந்து கிழக்கே நடந்தான். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குள்ளேயே வெகுநேரம் நடந்துகொண்டிருந்தான்.