ரோஸி விளக்கிய கன்னாவும் காட்டாவும்

அடையாறில் ஒரு கால் சென்டரில் பதினெட்டு வருடமாக அமெரிக்கப் பேச்சு சொல்லித் தருகிறேன். புதிதாக டிரெய்னர் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு பேட்ச்சில் நான் தோற்ற பாடம் 'கன்னா', 'காட்டா'. 'கோயிங் டு' தேய்ந்து கன்னா. 'காட் டு' தேய்ந்து காட்டா. கனெக்‌ஷனை கேன்சல் செய்யக் கூப்பிடுகிற கஸ்டமர் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று பார்த்துத்தான் நாம் பேச வேண்டும். இரண்டு நாள் போர்டில் எழுதி எழுதி அழித்தேன். பன்னிரண்டு முகங்களும் காற்றில்லாத மதியம் போலக் கிடந்தன.

"யாராவது தமிழ்லயே சொல்லுங்கப்பா" என்றேன். டிரெய்னிங் ரூமில் தமிழ் பேசினால் வேலை போகும். தெரிந்தேதான் கேட்டேன்.

ரோஸி எழுந்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்தவள். அந்த வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம் இவளுடையதாக இருந்திருக்கும்.

"எங்கம்மா நாளிக்கு கடை போடப் போவுது. அது கன்னா. ஒடம்பு நெருப்பா கொதிக்குது, அப்பவும் போய்த்தான் ஆவணும். அது காட்டா. 'காட்டா கேன்சல்'னு ஒருத்தன் சொன்னா அவனாண்ட ஆஃபர் வுடாத மச்சி. இன்னா கஷ்டம்னு கேளு."

அறையே சிரித்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தமிழ் கூடாது என்பதையே மறந்து, வகுப்பு ரெக்கார்டிங்கிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி மேனேஜருக்கு அனுப்பினேன். அழகாகத் தொடங்கட்டும் என்று முன்னால் வரும், தமிழில் சொல்லச் சொன்ன என் குரலை நறுக்கிவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் ரோஸி நின்றிருந்தாள்.

"நீங்க அனுப்புன ரெக்கார்டிங்கை க்ளையன்ட்டும் கேட்டுட்டாங்க சார். தமிழ்னா ஜீரோ டாலரன்ஸ், உங்களுக்கே தெரியும். நீங்க பேசச் சொன்னீங்களா?"

ஐம்பது வயதில் வேறு யார் வேலை தருவார்கள் என்று யோசித்தேன்.

"சார் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் பேசிட்டேன்" என்றாள் ரோஸி.

நான் மறுக்கவில்லை. அவள் ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். என்னைப் பார்க்காமல் போனாள்.

அவள் விளக்கத்தை இங்கிலீஷில் மாற்றி ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறேன். நல்ல டிரெய்னர் என்று பெயரும் வாங்கிவிட்டேன்.

நான் கற்றது இவ்வளவுதான்: ரெக்கார்டிங் அனுப்பினால் உங்கள் குரலோடு அனுப்புங்கள். வெட்டிவிட்டால், அப்புறம் வாயைத் திறக்கத் தைரியம் வராது. எனக்கு வரவில்லை.