இரண்டு கட்டில் வண்டி

இன்று காந்திபுரத்தில் நான்காவது இன்சூரன்ஸ் ஆபீஸ். ஜெர்மனியில் வேலை பார்த்தபோது நானும் என் மனைவி கவிதாவும் வாங்கி, கப்பலில் கொண்டுவந்த வீட்டு வண்டிக்குக் குறைந்த பிரீமியம் தேடிப் போனேன்.

அதிகாரி வாசலுக்கு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அடுப்பு இருக்குது, கட்டில் இருக்குது. இதை வண்டின்னு எழுதறதா, ஊடுன்னு எழுதறதாங்க?"

"ஓடுமுங்க" என்றேன்.

"அப்ப ஆள் கணக்குலதான் போடோணும். எத்தனை பேருங்க?"

"ரெண்டு" என்று வாயில் வந்துவிட்டது. கவிதா இறந்து ஐந்து மாதம். "இப்ப நான் மட்டுந்தானுங்க" என்று திருத்தினேன்.

அவர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப ஒரு கட்டிலக் கழட்டிப்போடுங்க. ஒத்தை ஆளுன்னு எழுதித் தாரேன், நல்லாக் கொறையும்."

நான் மெக்கானிக்கல் படித்தவன். நான்கு போல்ட், பத்து நிமிட வேலை. ஸ்பேனரோடு உள்ளே போய், அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

"ரெண்டு பேருக்கே போட்டுருங்க."

"நாலு ஆபீசு ஏறி எறங்குனது கொறைக்கறதுக்குத்தானுங்களே?"

"ஆமாங்க."

நண்பர்களே, இதைவிடக் குறைவாகப் போட்டுத் தருபவர் யாராவது தெரிந்தால் எழுதுங்கள். கட்டில் இரண்டும் இருக்கும்.