சூரியக் காற்றும் வோல்ட்டேஜ் அக்காவும்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'வோல்ட்டேஜ் அக்கா'. சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்களை, எண்ணுகிற கருவி ஒன்றை அவளுடைய குழு விண்கலத்தில் ஏற்றி அனுப்பியிருந்தது. கருவிக்குள் இருக்கும் உயர் மின்னழுத்தப் பகுதி அவள் பொறுப்பு. "தெருவுல இறங்கினாலே காத்து அடிக்குது. அதை அளக்க ராக்கெட் எதுக்குடி?" என்று அம்மா கிண்டல் செய்வாள். இவளும் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

அன்று கருவிக்கு முதல்முறையாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி தாண்டியதும் திரையில் மின்னோட்டக் கோடு வெடுக்கென்று துள்ளி அடங்கியது. பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன ஈரம் உள்ளே இன்னும் மிச்சமிருக்கிறது போல. மேலே ஏற்றினால் பொறி பறந்து கருவியே கருகிவிடலாம்.

"நிறுத்துங்க," என்றாள்.

திட்டத் தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "என்னம்மா விளையாடுறியா? சூரியன்ல கிளம்பின புயல் நாளைக்கு நம்ம கலத்துக்கு வந்துடும். இவ்வளவு பெருசு மறுபடி எப்ப வரும்?"

"கருவி போயிட்டா எது வந்தும் பிரயோஜனம் இல்ல சார்."

"போகும்னு உறுதியாச் சொல்லு, கேட்டுக்கறேன்."

"முடியாது சார். போகாதுன்னும் சொல்ல முடியாது."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "உன் பொறுப்பு. நீயே முடிவு பண்ணு."

"இறக்குங்க," என்றாள்.

மறுநாள் புயல் வந்தது. மற்ற கருவிகளின் கோடுகள் எகிறிக் குதித்தன. பக்கத்து மேசைகளில் ஒரே ஆரவாரம். அவள் திரையில் மட்டும் கோடு அசையவில்லை. வீட்டில் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.

"ஏத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதோ?" என்றாள் கணவனிடம்.

"தெரியாமத்தானே நிறுத்தின? விடு, சாப்பிடு முதல்ல."

மறுவாரம் மீண்டும் ஏற்றினார்கள். அதே இடத்தில் கோடு மறுபடி துள்ளியது. தலைவர் திரும்பிப் பார்த்தார். போன தடவையைவிடச் சின்னத் துள்ளல்தான். ஆனாலும் அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அப்படியே விடுங்க. ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம்."

பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கோடு மெல்ல மெல்லப் படிந்தது. அதன்பிறகுதான் அடுத்த படி, அதற்கடுத்த படி. உச்சியைத் தொட்டதும் எண்ணிக்கை வரத் தொடங்கியது. சாதாரண நாளின் சூரியக் காற்றுதான். கருவிக்குள் துகள்களை எண்ணும் உணரிகளில் ஒன்று மட்டும் கடைசிவரை விழிக்கவில்லை. மற்றவை எல்லாம் மளமளவென்று எண்ணின.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் எழவில்லை.

"என்னம்மா, அன்னிக்கு நான் கத்தினதுக்கு இன்னும் கோபமா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். கால் மரத்துப்போச்சு."