எந்த 'இல்லை'?

போன வாரத்துக்கு முந்தின வியாழன் பின்னேரம், நாங்கள் பிழைக்க வந்த பலெர்மோவில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒன்பது பேர் கூடி, ஊரில் இருக்கிற எங்கள் கல்லூரிக்கு ஒரு கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடினோம்.

சிரிக்காதீர்கள். கல்லூரி என்றதும் பட்டப்படிப்பு என்று நினைத்துவிடவும் வேண்டாம். எங்கள் ஊரில் ஆறாம் வகுப்புப் பிள்ளை அரைக் கால்சட்டையோடு போகிற பள்ளிக்கூடமும் கல்லூரிதான்!

வியாழன் பின்னேரம் இங்கே வீட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் லீவு. பழைய மாணவர் சங்கக் கூட்டமும் அதனால் வியாழன்தான். வாரா வாரம் இந்தப் பத்தி எழுதுகிற பாவத்துக்கு, செயலாளர் நான்.

விஷயம் இதுதான். பழைய மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். மைதானம் இருக்கிறது, பந்து இருக்கிறது, பிள்ளைகளைப் பழக்க ஆள் கிடையாது. பழைய மாணவர்களில் தகுதியானவர்களின் விபரங்களை அனுப்புங்கள் என்று அதிபர் கேட்டிருந்தார். அவரும் ஆசிரியர்களும் புதிதாக வந்தவர்கள். எங்களில் ஒருவரையும் தெரியாது.

"நான் போறன். எனக்கென்ன குறை?" என்றார் அந்தோனி அண்ணன். எங்கள் தலைவர்.

"முழங்கால்தான் அண்ணை குறை" என்றேன். கதிரையை விட்டு எழும்பவே அவருக்கு இரண்டு பேர் வேண்டும்.

"சரி, பிரான்சிஸ்?"

"நடுவருக்கே கை ஓங்கினவன், வேண்டாம். ஆளும் அங்கை இல்லை, கனடா."

"சூசை?"

"அவனும் இல்லை."

"எந்த இல்லை?"

"நோர்வே இல்லை."

வெளியாட்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. எங்களிடம் இரண்டு 'இல்லை' உண்டு. ஒன்று, ப்ளேன் ஏறின இல்லை. மற்றது, செத்துப்போன இல்லை. எந்த இல்லை என்று கேட்டுத் தெளிந்த பிறகுதான் "அப்பிடியோ, நல்லது" என்பதா, "ஐயோ" என்பதா என்று முடிவு செய்வோம். ஒரு சின்னச் சொல்லுக்கு இத்தனை விசாரணை வேறு எந்தச் சனத்திடம் இருக்கும், சொல்லுங்கள்?

அப்போதுதான் லோறன்ஸ் வாயைத் திறந்தார். யுத்தம் முடிவதற்குப் பல வருஷம் முந்தியே ஊரை விட்டவர். மிலானோவில் இருந்துவிட்டு, போன மாதம்தான் இங்கே வந்திருக்கிறார்.

"உதெல்லாத்தையும் விடுங்கோ. ரூபனைப் போடுங்கோவன்! அவனை விடத் திறமான ஆள் ஆர் இருக்கு?"

அந்தோனி அண்ணன் கண்ணால் அவரைத் தடுக்கப் பார்த்தார்.

ரூபன் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். அது லோறன்ஸுக்குத் தெரியாது. தனக்கு முன் கதிரையில் இருக்கிற ஜெசிந்தா அக்கா ரூபனின் கூடப் பிறந்தவர் என்பதும் தெரியாது. அக்காவின் வாயில் தம்பியைப் பற்றி 'இல்லை' என்ற சொல் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. "ஆள் இன்னும் வரேல்லை" என்றுதான் சொல்லுவார். ஏதோ பஸ் பிந்திவிட்டது மாதிரி.

"அவன்... இல்லை" என்றேன். வாய் தவறிவிட்டது.

"எந்த இல்லை?" என்றார் லோறன்ஸ். பாவம், வழக்கமான கேள்விதானே!

நான் என்ன சொல்ல? இரண்டில் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடலாம். ஒன்றைச் சொன்னால், அக்காவுக்கு முன்னால் அவருடைய தம்பியை நானே கொன்றது போல் ஆகும். பட்டியல் தாளைப் புரட்டினேன்.

"பேரை எழுது, தம்பி" என்றார் ஜெசிந்தா அக்கா.

"அக்கா..."

"திறமான ஆளைத்தானே கேட்டிருக்கினம்? எழுது."

அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு வருஷம் கப்டன். மாகாண அணி. இடம்பெயர்ந்து இருந்த இடத்திலும் பனையில் சைக்கிள் றிம்மைக் கட்டிப் பிள்ளைகளுக்குப் பழக்கினவன். "ஒரு பிள்ளைக்கும் கை நீட்டாதவன். அதையும் போடு" என்றார்.

"போன் நம்பர்...?"

"அதை இப்ப விடு. பிறகு தாறன்."

மறுநாள் பட்டியலை டைப் செய்தபோது அந்தப் பெயரை அழிக்க இரண்டு தரம் கை போனது. அழிக்கத் துணிவு வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். கோழை என்று நீங்கள் திட்டினாலும் சரிதான்.

செவ்வாய்க்கிழமை, கால்சாப் பகுதியில் நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞ்ஞோராவின் திரைச்சீலைகளை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றபோது அதிபரின் வாட்ஸ்அப் வந்தது. 'அனைவரும் கூடி ஆராய்ந்தோம். திரு. ரூபன் அவர்களே எமது தெரிவு. அவரது தொலைபேசி இலக்கம் விடுபட்டுள்ளது. தயவுசெய்து அனுப்பவும்.'

மளமளவென்று கண்ணீர் வந்துவிட்டது. என்ன நடந்தது என்று சிஞ்ஞோரா கேட்டார். அயர்ன் ஆவி என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த ஜெசிந்தா அக்காவிடம் போனைக் கொடுத்தேன். ஒருதரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"பாத்தியே, அவனைத்தான் எடுத்திருக்கினம்!" என்று சிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்பர் கேக்கினம் அக்கா. என்ன பதில் போட?"

சிரிப்பு மெல்ல இறங்கியது. பிறகு போனை என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார்.

"இல்லை எண்டு எழுது, தம்பி."

எந்த இல்லை என்று நான் கேட்கவில்லை.